இசைத்தட்டும் பாடபேதமும்: திருக்கோணமலைப் பறங்கியர் பாடல்களைக் குறித்த ஓர் ஆய்வு

ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்த இலக்கியங்களை அச்சேற்றிய பெரியோர்க்குத் தமிழுலகம் என்றும் கடப்பாடுடையது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை வெளியிட்டார்; அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அவர்தம் பணிக்கு உயிர்நிலையாய் அமைந்தது பாடபேத ஆராய்ச்சி. ஏடெழுதுவோர் கைப்பிழையாலும் காலத்தின் சிதைவாலும் ஒரே பாட்டு ஊருக்கொரு வடிவமாய்த் திரிந்திருக்கும். பிரதிகள் பலவற்றையும் ஒப்புநோக்கித் திரிபைக் களைந்து, புலவன் வாக்கு இதுவே என்று ஒன்றைத் துணிவது பதிப்பாசிரியன் கடமை. அங்கே பன்மை நோய், ஒருமையே மருந்து.

ஆயின், பன்மையே இயல்பாக அமைந்த கலைகளும் உலகில் உள. அரங்கில் நின்ற கணத்தில் பிறந்து, அக்கணத்தோடு மறையும் இசை அத்தகையது. தோடி இராகத்தை ஒரு நாதசுர வித்துவான் நேற்று வாசித்தவாறு இன்று வாசிப்பதில்லை. வாசித்தால் அதனை ஆலாபனை என்று கற்றோர் ஒப்புக்கொள்வதுமில்லை. மனோதர்மம் என்று நம்மவர் வழங்கும் இப்பண்புடைய இசையைச் சேகரிக்கப் புகுவோன் எதனைத் தேடவேண்டும்? ஏடு தேடியோர் போன்று உண்மைப் பாடம் ஒன்றினையா? அன்றிப் பேதங்கள் அனைத்தினையுமா? இவ்வினா வெறும் வாதத்துக்குரியதன்று. திருக்கோணமலைத் துறைமுகத்தின் அயலில் இன்றும் எஞ்சியிருக்கும் ஒரு பாடல் மரபின் வாழ்வும் தாழ்வும் இதற்கு இறுக்கப்படும் விடையைப் பொறுத்துள்ளன.

கட்டற்ற ஜாஸும் சிறு நிறுவனங்களும்

இவ்வினாவுக்கு விடை காண்டற்கு முதலில் அமெரிக்க நாட்டை நோக்குதல் பயனுடையது. ஆபிரிக்க வழிவந்த அமெரிக்க மக்களிடையே தோன்றிய ஜாஸ் என்னும் இசை, தொடக்கம் முதலே மனோதர்மத்துக்கு இடமளித்தது. எனினும், மெட்டும் சுரக்கூட்டு வரிசையும் தாளமும் கலைஞனுக்கு எல்லை வகுத்தன. 1960ஆம் ஆண்டு மார்கழி 21ஆம் நாள் ஓர்னெட் கோல்மன் என்பார் எண்மர் குழுவொன்றை அமைத்து, முப்பத்தேழு நிமிடம் இடையறாது வாசித்ததைப் பதிவு செய்தனர். ‘கட்டற்ற ஜாஸ்’ என்று அத்தட்டுக்கு இடப்பட்ட பெயரே அவ்வியக்கம் முழுமைக்கும் பெயராயிற்று. அதே நாளில் அவர்கள் அதனை முன்னர் ஒருமுறை குறுகிய அளவில் வாசித்திருந்தனர் என்பதும், அவ்வடிவம் 1971இலேயே வெளிவந்தது என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கன. முதலது ஒத்திகை, இரண்டாவதே படைப்பு என்று கொள்வார் உளர். இரண்டினையும் ஒருங்கு வைத்துக் கேட்போர்க்கு அங்ஙனம் தோன்றாது. ஒரே வித்திலிருந்து முளைத்த இரு மரங்கள் அவை.

ஜோன் கோல்ட்ரேன் 1965ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் பதிவு செய்த ‘ஆரோகணம்’ என்னும் பொருள்படும் தட்டின் வரலாறு இதனினும் விந்தையானது. 1966இல் விற்பனைக்கு வந்த தட்டில் ஒரு வாசிப்பு இருந்தது. சிறிது காலத்துக்குப் பின், உறையும் எண்ணும் மாறாதிருக்க, உள்ளே வேறொரு வாசிப்பு இடம்பெற்றது. ‘இரண்டாம் பதிப்பு’ என்னும் குறிப்பைத் தட்டின் உள்விளிம்பிற் கீறியிருந்ததொன்றே அடையாளம். ஏட்டின் ஓரக் குறிப்பை ஆராயும் புலவர் போன்று, தட்டின் விளிம்பைக் கண்ணருகே பிடித்து ஆராயும் சேகரிப்பாளர் கூட்டம் இங்ஙனமே உருவாயிற்று.

பெரிய வணிக நிறுவனங்கள் விற்பனை நோக்கி ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை ஒதுக்குதல் இயல்பு. ஒதுக்கப்பட்டவற்றைக் காத்தோர் சிறு நிறுவனத்தாரே. எஸ்பெராந்தோ என்னும் செயற்கை மொழியைப் பரப்பும் நோக்குடன் பேர்னாட் ஸ்ரோல்மன் என்னும் வழக்கறிஞர் நியூயோர்க்கில் தொடங்கிய ‘ஈ. எஸ். பி.’ நிறுவனம், அடுத்து அல்பேர்ட் அயிலர் முதலிய கட்டற்ற இசையாளர்க்குப் புகலிடமாயிற்று. எதனைக் கேட்பிப்பது என்பதைக் கலைஞரே தீர்மானிப்பர் என்பதை அந்நிறுவனம் தன் தட்டுகளிலேயே பொறித்து அறிவித்தது. 1964ஆம் ஆண்டு ஆடி 10ஆம் நாள் பதிவாகிய அயிலரின் தட்டு அரைமணிக்குச் சற்றே குறைந்தது. அதில் நான்கு உருப்படிகளே உள்ளன. அவற்றுள் முதலாவதும் நான்காவதும் ஒரே மெட்டின் இருவேறு வாசிப்புக்கள். முதல் வேறுபாடு, இரண்டாம் வேறுபாடு என்று அவை பெயரிடப்பட்டுள. பாடபேதத்தை அடிக்குறிப்பில் ஒளிக்காது நூலின் முதற்பாட்டாகவும் இறுதிப் பாட்டாகவும் வைத்த பதிப்பு என்று இதனைக் கூறலாம். மெட்டோ சிறுவரும் முணுமுணுக்கத்தக்க எளிமை வாய்ந்தது. அம்மெட்டிலிருந்து கலைஞன் விலகிச் செல்லும் வழி ஒவ்வொரு முறையும் வேறு. கேட்போன் காணவேண்டுவது மெட்டையன்று, அவ்விலகலையே என்பதை அத்தட்டின் அமைப்பே உணர்த்துகின்றது.

அயிலர் 1970இல், முப்பத்துநான்கு வயதில் மறைந்தார். 2004ஆம் ஆண்டில் ‘ரெவனன்ட்’ என்னும் மற்றொரு சிறு நிறுவனம், அவர் அதுகாறும் வெளியிடப் பெறாத பதிவுகளை ஒன்பது தட்டுகள் கொண்ட பேழையாக வெளியிட்டது. 1967இல் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில் அயிலர் குழு வாசித்ததும் அதில் உளது. ஒலித்தரம் குன்றிய பதிவு அது. ஆயினும், தனக்கு வழிகாட்டியவனை வழியனுப்பும் ஒருவனின் இசை வேறெங்கும் அவ்வண்ணம் ஒலித்ததில்லை. அப்பதிவு இல்லையேல் அவ்விசை ஒருகால் நிகழ்ந்தது என்ற செய்தி மட்டுமே எஞ்சியிருக்கும்.

சேகரிப்பின் குற்றங்கள்

சேகரிப்பாளர் செயல் யாவும் போற்றுதற்குரியன அல்ல. அவர்தம் குற்றங்கள் இரண்டு. ஒன்று, அருமையையே சிறப்பென மயங்குதல். சன் ரா என்னும் இசையாளரும் அவர்தம் தோழரும் சிக்காகோவிற் சொந்தமாகத் தொடங்கிய ‘சற்றேண்’ நிறுவனத்தின் தட்டுகள் சிறுதொகையாகவே அச்சாயின. கையால் வரைந்த உறைகளும் அவற்றுட் பல. இன்று அவை பெருவிலை பெறுகின்றன. விலை ஏறியதும் தட்டு பேழையிற் பூட்டப்படுகின்றது. பூட்டப்பட்ட இசை மௌனத்தினின்றும் வேறன்று.

இரண்டாங் குற்றம் இதனினும் நுட்பமானது. சார்ளி பார்க்கர் என்னும் சாக்சபோன் மேதையிடம் பெரும்பற்றுக் கொண்ட டீன் பெனடெட்டி, 1947இலும் 1948இலும் இரவு விடுதிகளுக்குப் பதிவுக் கருவியுடன் சென்று அவர் வாசிப்பைச் சேமித்தார். பார்க்கர் கட்டற்ற ஜாஸுக்கு முந்திய தலைமுறையினர். பார்க்கர் வாசிக்கையிற் கருவி இயங்கும். பிறர் முறை வந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். தட்டும் நாடாவும் அருமையாயிருந்த காலத்தில் அச்சிக்கனத்தைக் குறைகூறல் எளிதன்று. நெடுங்காலம் மறைந்திருந்த அப்பதிவுகளை ‘மொசேக்’ என்னும் சிறு நிறுவனம் 1990இல் ஏழு தட்டுகளாக வெளியிட்டபோது இசையுலகம் மகிழ்ந்தது முறையே. எனினும், கேட்போன் உள்ளத்தில் ஒரு குறை தோன்றாதிராது. வினா உண்டு, விடை இல்லை. விடை உண்டு, வினா இல்லை. பார்க்கர் யாருக்கு மறுமொழியாக அவ்வாறு வாசித்தார் என்பதை அறியும் வாயில் அங்கே அடைபட்டுக் கிடக்கின்றது. ஓர் உரையாடலில் ஒருவர் கூற்றை மட்டும் எழுதி வைத்த ஏட்டுக்கு அதனை ஒப்பிடலாம்.

இவ்விரு குற்றங்களையும் மனத்திற் கொண்டு திருக்கோணமலைக்கு மீளுதல் தகும்.

துறைமுகத்துப் பாடல்

திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து அக்கல்லைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறின. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மொழியோ மாறாது நின்றது. ஒல்லாந்தர் காலத்தும் ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தும் துறைமுக நகரங்களிற் பல இனத்தார்க்கும் பொதுவான பேச்சாக அது வழங்கிற்று. பின்னர்ப் படிப்படியாகச் சுருங்கி, மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் வாழும் பறங்கியர் குடும்பங்களில் நிலைகொண்டது. தச்சும் கொல்லும் தையலும் செய்து வாழ்ந்த இம்மக்கள், இவ்வூரிற் பாலையூற்று முதலிய பகுதிகளில் தமிழரோடு அயலவராய் இருந்து வருகின்றனர். படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்களும் அவரோடு கலந்தனர்.

இவர்தம் திருமண வீடுகளில் ஒலிப்பது ‘கப்ரிஞ்ஞா’ என்னும் ஆடற்பாட்டு. காப்பிரியர் என்னும் பெயரோடு போர்த்துக்கேயச் சிறுமை விகுதி சேர்ந்து அமைந்தது அப்பெயர். பிடிலும் நரம்புக் கருவிகளும் மேளமும் துணைசெய்ய, ஆறு எண்ணிக்கை கொண்ட தாளத்திற் பாட்டு நடக்கும். அவ்வாறினை ஒருகால் மும்மூன்றாகவும் ஒருகால் இவ்விரண்டாகவும் பகுத்துக் காட்டுதலால் காலுக்கு ஓய்வின்றி ஆடல் எழுகின்றது. பாட்டின் உறுப்பு நாலடிப் பாக்கள். காதலும் கேலியும் பொருள். ஒருவர் ஒரு பாவைப் பாட, மற்றவர் அதற்கேற்ற பாவை நினைவிலிருந்து எடுத்தோ அக்கணமே புனைந்தோ மறுமொழி கூறுவர். மட்டக்களப்பு வயல்களில் தமிழரும் முசுலிம்களும் பாடிய கவிகளை அறிந்தார்க்கு இம்முறை புதியதாகத் தோன்றாது. சிங்கள மக்களிடையே பயின்ற பைலாவும், அதன் ஒரு வகையாகிய வாத பைலாவும் இம்மரபின் கிளைகள். 1940களிற் பொலிசுச் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் அதனை நாடறியச் செய்தார். 1970களில் ஏ. ஈ. மனோகரன் பாடிய தமிழ்ப் பொப் பாடல்களிலும் அத்தாளமே துள்ளுகின்றது.

மொழியமைப்பில் இன்னும் ஒரு வியப்பு உண்டு. சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கிய நடையோ தமிழ். வினை இறுதியில் நிற்றலும், வேற்றுமைப் பொருள் தரும் உருபு பெயர்க்குப் பின்வருதலும், ‘எனக்குப் பசிக்கின்றது’ என்பதுபோன்று நான்காம் வேற்றுமையில் உணர்வோன் அமைதலும் அதன்கண் உள. மட்டக்களப்புப் போர்த்துக்கேயத்தை ஆராய்ந்த இயன் சிமித் என்பாரின் ஒலியியல் நூல் 1978இல் திருவனந்தபுரத்துத் திராவிட மொழியியற் கழகத்தால் வெளியிடப்பட்டமை பொருத்தமுடையதே. கோயிலை இடித்தோரின் மொழி, அக்கோயில் நின்ற மண்ணின் இலக்கணத்துக்கு மூன்று நூற்றாண்டுகளுள் அடங்கிவிட்டது. வரலாறு எழுதுவோர் இவ்வெற்றியைக் குறிப்பது அரிது.

ஏடும் தட்டும்

இப்பாடல்களை முதன்முதற் பெருந்தொகையாகத் தொகுத்தவர் ஹியூ நெவில். இலங்கைக் குடியியற் சேவையில் இருந்து கீழ்மாகாணத்திலும் கடமையாற்றிய அவர், சிங்களச் சுவடிகளைத் திரட்டியமையாற் புகழ் பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர் சேர்த்த போர்த்துக்கேயப் பாடற் சுவடி இப்போது பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதனை ஆதாரமாகக் கொண்டும், தாமே கீழ்க்கரைக்கு வந்து கேட்டும், கெனத் டேவிட் ஜாக்சன் 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். பாக்கள் ஏட்டிற் கிடைத்தன. ஆயின் யார் பாட யார் மறுமொழி கூறினர், எப்பாவுக்கு எப்பா எதிர் என்பன ஏட்டில் முழுமையாகக் கிடைப்பன அல்ல. மலர்கள் கிடைத்தன; தொடுத்த நார் கிடைக்கவில்லை.

ஒலியாக இம்மரபை உலகுக்கு அறிவித்தது போர்த்துக்கலின் சிறு நிறுவனமாகிய ‘திராடிசொம்’. ‘ஒலிகளின் பயணம்’ என்னும் தலைப்பில் 1998இல் அது வெளியிட்ட பன்னிரு தட்டுகளுள் ஒன்று இலங்கைக்கு உரியது. பைலா, இலங்கை, கப்ரிஞ்ஞா என்னும் மூன்று சொற்களே அதன் பெயர். கோவா, மலாக்கா, தீமோர் முதலிய இடங்களின் பாடல்களோடு கீழ்க்கரைப் பாடலும் ஒரு வரிசையில் இடம்பெற்றமை பெருஞ்சிறப்பு. வணிகப் பெருநிறுவனம் எதுவும் கருதாத செயலை ஒரு சிறு நிறுவனம் செய்தது. இதன்பின், 2010களில், இலங்கைப் போர்த்துக்கேயத்தை ஒலியாகவும் காட்சியாகவும் ஆவணப்படுத்தும் ஆராய்ச்சியை ஹியூகோ கார்தோசோ முதலிய அறிஞர் மேற்கொண்டனர். அழியும் நிலையிலுள்ள மொழிகளுக்கென அமைந்த ஆவணகத்தில் அப்பதிவுகள் வைக்கப்பட்டுள.

இம்முயற்சிகளைப் போற்றுங்கால் இரண்டு வரம்புகளையும் சுட்டுதல் திறனாய்வின் கடன். முதலாவது, நோக்கின் வரம்பு. ‘ஒலிகளின் பயணம்’ என்னும் தலைப்பு லிஸ்பன் துறையில் நின்று புறப்படும் கப்பலைக் காண்கின்றது. கொட்டியாரக்குடாவில் நின்று நோக்குவார்க்கு அது வந்து சேர்ந்த கப்பல். வந்தபின் அது எவர் இலக்கணத்தைப் பூண்டது, எவர் கவியோடு உறவு கொண்டது என்னும் வரலாறு தமிழறிந்தோரே எழுதத்தக்கது. இரண்டாவது, அளவின் வரம்பு. ஒரு குறுந்தட்டுக்கு ஏறக்குறைய எழுபத்துநான்கு நிமிடமே இடமுண்டு. ஒரு நாடு முழுவதற்கும் ஒரு தட்டு என்றால், இரவு முழுதும் நீளும் பாடற்போர் அதனுள் அடங்க வழியில்லை. பாட்டுக்கு ஒரு வடிவம், வடிவத்துக்குச் சில நிமிடம் என்றே அமைக்கவேண்டும். அது நிறுவனத்தின் குற்றமன்று. ஆனால் விளைவு யாது? பாடுவோர் பலராயிருந்தபோது தட்டிலுள்ளது பலவற்றுள் ஒன்று. பாடுவோர் அருகியபின் அதுவே ஒன்று. அடுத்த தலைமுறை இளைஞன் பாட்டியிடமன்றித் தட்டிடம் பாட்டைக் கற்பான். தட்டு சொல்லாத மறுமொழியை அவன் பாடமாட்டான். பாடபேதம் ஒழிந்து பாடம் எஞ்சும். ஏட்டிலக்கியத்துக்கு அது மீட்சி; எதிர்ப்பாட்டுக்கோ அது முடிவு.

இஃது அச்சமூட்டும் கற்பனையன்று. 2004 மார்கழி 26இல் எழுந்த ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்சுபார் என்னும் பறங்கியர் குடியிருப்பை அழித்தபோது, நூற்றாண்டுகளாக ஒன்றாக வாழ்ந்தோர் ஒரு காலைப் பொழுதிற் சிதறினர். அயிலரின் பதிவுகளைக் காத்த பேழை வெளிவந்ததும் அவ்வாண்டே. ஒரு கலைஞனின் ஒன்பது தட்டுகளை ஒரு நாடு காத்துக்கொண்டது; ஒரு மரபின் எத்தனை இரவுகள் பதிவின்றி மறைந்தன என்பதை எண்ணிச் சொல்வார் ஒருவருமிலர்.

செய்யத்தக்கன

அனைத்தையும் பதிவதால் மட்டும் பயன் வந்துவிடும் என்று கூறுதல் சரியன்று. சோர்ந்த நாளில் வாசித்ததும் தட்டாகும். வெறும் மீள்கூறலும் வேறுபாடென விலைபோகும். கட்டற்ற ஜாஸின் ஆவணத் தட்டுகளுள்ளும் அத்தகையன இல்லாமலில்லை. எனவே சேகரிப்போன் செவியோடு திறனாய்வோன் அறிவும் சேரவேண்டும். எவ்வேறுபாடு புதுமை, எது தளர்ச்சி என்று தெரிந்து கூறுவதற்கும் வேறுபாடுகள் முதலிற் கையிலிருத்தல் வேண்டுமன்றோ? தெரிவு பின்னர், திரட்டு முன்னர்.

திரட்டுங்கால் ஒருபக்கப் பதிவு கூடாது. வினாவும் விடையும், இடையே எழும் நகையும், தவறிய அடியைத் திருத்தும் முதியவர் குரலும் உடன் பதிவாதல் வேண்டும். ஒரே பாட்டை ஈர் ஊரில், இரு தலைமுறையார் வாயிற் கேட்டு அருகருகே வைத்தல் வேண்டும். பாடினோர் இசைவு பெற்று, இடமும் நாளும் முறையும் குறித்தல் வேண்டும். தமிழ் எழுத்தில் பாடமும் தமிழிற் பொருளும் தருதல் வேண்டும். பதிவின் படியொன்று கடல் கடந்த ஆவணகத்தில் இருத்தலோடு, பாடியோர் வீட்டுக்கும் இவ்வூர் நூலகத்துக்கும் கிடைத்தல் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் காத்துவருதல் இதற்கு நல்வழிகாட்டி. கருவிக்குப் பொருட்செலவு மிகுதியன்று. இக்காலத்திற் கையடக்கத் தொலைபேசியே இரவு முழுதும் பதியவல்லது. குறைவாயிருப்பது கேட்கும் விருப்பமே.

கோணேசர் மலையை இடித்தோர் வழிப்பட்ட பாட்டைக் கோணேசர் அடியார் ஏன் காத்தல் வேண்டும் என்று வினவுவாரும் உளராகலாம். இடித்தோர் நெடுங்காலத்துக்கு முன்னரே சென்றனர். அவர் மொழியை இம்மண்ணில் வைத்து, இம்மண்ணின் இலக்கணத்தில் நிறுத்தி, அயலவர் வீட்டுத் திருமணத்திற் பாடிவருவோர் தச்சரும் கொல்லரும் தையற்காரருமான எளிய மக்கள். 1963இல் கோயில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. தேவாரம் மலையுச்சியில் இன்றும் ஒலிக்கின்றது. மலையடியில் ஒலிக்கும் எளிய பாட்டுக்கும் செவிசாய்த்தல் அத்தேவாரத்தைக் காத்த மரபுக்கு இழுக்காகாது. ஏட்டின் பாடபேதங்களைக் களைந்து ஒரு பாடத்தைக் கண்டோர் முன்னோர். பாட்டின் பேதங்களைப் பேதங்களாகவே காத்தல் அவர் வழிவந்தோர்க்கு எஞ்சியுள்ள பணி. எதிர்நின்று மறுமொழி பாட ஒருவர் உள்ள வரையிலேயே அப்பணி இயலும்.